அரைச் சுற்று

சுவிட்ச் அரைச் சுற்று முன்னாலேயே இறுகிவிட்டது. ரெஞ்சின் மேல் என் எடை முழுவதையும் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டாம் பாய்லரிலிருந்து சுடுதண்ணீர் வெளியே போகும் குழாய் அது, என் நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் ஓடுகிறது. அதன் முதுகில் நானே வெல்டிங் செய்து வைத்த ஒரு டீ, மேலே வாய் திறந்த கிளைக்குழாய். அந்த டீயின் வாயில் இந்தச் சுவிட்சைத் திருகி இறக்க வேண்டும். பார்க்க சோப்புப் பெட்டி மாதிரிதான் இருக்கும். அடியில் பித்தளைக் கழுத்து, கழுத்துக்குக் கீழே மெல்லிய தகட்டில் ஒரு நாக்கு. நாக்கு குழாய்க்குள் தொங்கும். தண்ணீர் ஓடினால் நாக்கைத் தள்ளும். நாக்கு அசைந்தால் சுவரிலிருக்கும் பேனலுக்குத் தகவல் போகும். அதற்கப்புறம்தான் பேனல் பாய்லரை எரியவிடும். தண்ணீர் ஓடாமல் பாய்லர் எரிந்தால் வெறும் சட்டியை அடுப்பில் வைத்த கதைதான், இந்தச் சட்டி ஒரு கார் அளவு இருக்கும். அதனால் கழுத்தில் ஓர் அம்புக்குறி வார்த்திருப்பார்கள். தண்ணீர் போகும் பக்கத்தை அந்த அம்பு பார்க்க வேண்டும். என் அம்பு நேர் எதிராகத் திரும்பி பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றது.

செய்வதற்கு இரண்டு வழி இருந்தது. முரட்டுத்தனமாக இன்னும் அரைச் சுற்று திருகலாம். பித்தளை வெடித்தாலும் வெடிக்கும். இல்லையென்றால் முழுவதும் கழற்றி, மரையில் சுற்றிய சணலைச் சுரண்டி எடுத்து, மெலிதாகப் புதுச் சணல் சுற்றி, பேஸ்ட் தடவி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சணல் சுற்றிய மரையை ஒரு நூலளவு பின்னால் திருப்பினாலும் ஒழுகும், அதனால் குறுக்குவழி கிடையாது. கால் மணி நேர வேலை. நான் கழற்றத்தான் போனேன். ரெஞ்சை மறுபக்கம் மாற்றிப் பிடித்தும்விட்டேன். அப்போது பேனல் பக்கமிருந்து ஃபோர்மேனின் குரல் வந்தது.

"மாப்ள! அத அப்படியே போட்டுட்டு இங்க வாங்க. தங்கச்சிக்கு லைட்டு புடிக்கணும்."

ஃபோர்மேனை நாங்கள் எல்லாரும் ரசமட்டம் என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராக இல்லை. அவர் சாப்பிடப் போகும்போதும் ரசமட்டக் கட்டை கையில் இருக்கும். மேசையில் வைத்துக் குமிழியைப் பார்ப்பார். மேசை சாய்ந்திருந்தால் வேறு மேசைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருடமாக என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் என் மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு "சரிங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவள் தங்கச்சி, நான் மாப்பிள்ளை. கேட்பவர்களுக்கு எனக்கு மரியாதை கூடியது மாதிரித் தோன்றும். தம்பி என்றால் நான் அவருடைய ஆள். மாப்பிள்ளை என்றால் நான் அவளுடைய ஆள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ரெஞ்சைக் குழாய் மேலேயே வைத்துவிட்டுப் போனேன். பேனலின் உள்ளே விளக்கு இன்னும் வரவில்லை. அவள் ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் ஏறி நின்று, தலையைப் பெட்டிக்குள் விட்டிருந்தாள். பென்சில் காதில் செருகியிருந்தது. ஒவ்வொரு வயரின் நுனியிலும் அவள் எழுத்தில் சின்னச் சின்ன எண் வளையங்கள். வயர்களை வரிசையாகப் படுக்க வைத்து, ஒரே இடத்தில் மடக்கி, ஒரே இடத்தில் கட்டியிருந்தாள். தலைவாரி விட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் எடது பக்கம்… இன்னும்… ஏங்க, உங்க தல மறைக்குது."

"மாப்ளைக்குத் தல பெருசு தங்கச்சி. உள்ள என்ன இருக்குன்னுதான் யாருக்கும் தெரியல," என்றார் ரசமட்டம்.

அவளும் சிரித்தாள். கேலியாக இல்லை, வேலைக் கவனத்தில் வாயிலிருந்து தானாக வரும் சிரிப்பு. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் டார்ச்சைப் பிடித்த கை கனத்தது. அந்தக் கையின் விரலிடுக்கு முழுக்கக் கறுப்பு பேஸ்ட், சணல் தும்பு. அவள் நகங்கள் சுத்தமாக இருந்தன. நான் அவள் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் லைட்டு பிடித்தேன். முடிந்ததும் ரசமட்டம் போனை எடுத்து, பேனலைப் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்பினார். "குழந்தை கோடு போட்ட நோட்டுல எழுதின மாதிரி இருக்கு பாருங்க," என்று குரல் பதிவு வேறு அனுப்பினார். இந்த இரண்டு வருடத்தில் நான் போட்ட ஒரு குழாயையாவது யாராவது படம் பிடித்திருக்கிறார்களா? நான் எவ்வளவு நேராகப் போட்டாலும், எவ்வளவு அழகாக வளைத்தாலும், நாலு நாளில் ஆள் வந்து சூடு போகாமலிருக்கக் கம்பளி சுற்றி, மேலே வெள்ளித் தகடு ஒட்டி மூடிவிடுவார். என் வேலையை மூடி வைப்பார்கள். அவள் வேலைக்கு முன்னால் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டுவார்கள்.

அது ஒரு பள்ளிக்கூடம். இந்தக் குளிர் நாட்டில் வகுப்பறைகளைச் சூடாக்கவே பாய்லர் வேண்டும். விடுமுறையில் பழைய பாய்லர்களைத் தூக்கிவிட்டு, நிலவறையில் புதிதாக இரண்டு வைத்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் மேலே ஒன்றாம் வகுப்பு அறையில் போய் உட்காருவோம். நாற்காலிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ரசமட்டம் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதைத் தொடும். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துக் கீழே வந்தபோது, குழாய்களில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யும் ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது. கேஜ் முள் ஏறி நின்றது. நான் ஒவ்வொரு மூட்டாகத் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். எங்கேயும் ஒரு துளி இல்லை. அந்தச் சுவிட்சின் கழுத்தையும் துடைத்தேன். அம்பைப் பார்த்தேன். அழுத்தத்தில் ஒழுகாமல் நிற்கும் மூட்டைக் குழாய்க்காரன் எவனும் மறுபடி தொடமாட்டான். நாளைக்கு, தண்ணீரை இறக்கியதும் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் தண்ணீரை யாரும் இறக்கவில்லை. நேராகக் கம்பளி சுற்றுகிறவர் வந்துவிட்டார். பஞ்சண்ணன் என்போம், தலை முதல் கால் வரை தும்பு ஒட்டியிருக்கும். நான் எதிர்ப்பக்கம் பம்ப்புக்குத் தாங்கி அடித்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாம் பாய்லரின் குழாயில் ஆரம்பித்து, டீயைச் சுற்றி வெட்டி, கழுத்தை மூடி, சோப்புப் பெட்டி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்ல ஒரு மூச்சுக்கூடத் தேவையில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்று அவரிடம், "அண்ணே, என் வயரு வர்ற எடத்துல கொஞ்சம் வாசல் விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில், நான் மாட்டியது தப்பு, பிரியுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் மறந்துவிட்டேன் என்று சொன்னால், பாதி உண்மை. மறந்துபோனதைப் போல நடந்துகொண்டால் பாதிக்கு மேல் மறந்துதான் போகிறது.

அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். ஊரில் டிப்ளமா படித்தவள். இங்கே வந்து இரண்டு வருடம் ஒரு சலவைக் கம்பெனியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நீராவியிலும் மருந்துத் தண்ணீரிலும் உள்ளங்கைத் தோல் தாள் தாளாக உரிந்து வரும். சாயங்காலம் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாத்திரத்தை நான் கழுவுவேன். கம்பெனியில் கன்ட்ரோல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானே ரசமட்டத்திடம் போய் நின்றேன். மூன்று மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் அனுப்பிவிடுவோம் என்றார்கள். முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாய்களின் அளவு, வால்வுகளின் பெயர், எது போகும் தண்ணீர், எது திரும்பும் தண்ணீர், எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போதும் சொல்வேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பாள். இரண்டாம் வாரம், நான் சொல்லாத ஒன்றை அவள் எனக்குச் சொன்னாள். எனக்குத் தெரியாது. "ஆமாமா, தெரியும்" என்றேன். அங்கே ஆரம்பித்தது.

அம்மா வேறு. போனில் முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்ததும் இளைத்துப் போய்விட்டாய் என்று ஆரம்பிப்பாள். இப்போது, "அவகிட்ட குடு" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

"மருமகளே, பாய்லருக்கெல்லாம் நீதான் மூள வைக்கிறியாமே? நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஐயோ அத்த, அப்படியெல்லாம் இல்ல. நாலு வயரு மாட்றேன், அவ்ளோதான்."

"நீ சொல்லுவ. அப்ப எம்புள்ள என்னதான் பண்றான் அங்க?"

"அவருதான் குழாயெல்லாம் மாட்றாரு அத்த. அவரு மாட்டலேன்னா எனக்கு வேலையே இல்ல."

"ஆமா, அவன் சின்ன வயசுலேருந்தே எதையாச்சும் மாட்டிக்கிட்டேதான் இருப்பான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு அவள் நிற்கிற படம் இப்போது அம்மாவின் போனைத் திறந்தால் முதலில் வருகிறதாம். இரண்டு வருடமாக நானும் ஹெல்மெட்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பாய்லர்களை ஓட்டிப் பார்த்தோம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அதே திங்கட்கிழமை அவளுடைய மூன்று மாதமும் முடிகிறது. சனிக்கிழமை மதியத்துக்குள் ரசமட்டம் அவளைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். முதல் பாய்லரை அவள் பேனலில் தட்டினாள். பம்ப் உறுமியது, பச்சை விளக்கு வந்தது, அரை நிமிடத்தில் உள்ளே தீ பிடிக்கும் அந்த மெல்லிய 'புஸ்'. கண்ணாடி வழியாக நீலமாகத் தெரிந்தது. ரசமட்டம் கைதட்டினார். இரண்டாவதைத் தட்டினாள். பம்ப் ஓடியது. குழாயில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. பச்சை வரவில்லை. பத்து விநாடி கழித்துச் சிவப்பு. திரையில் ஒரு வரி: தண்ணீர் ஓட்டம் இல்லை.

கம்பளிக்குள் அந்த அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

"பம்ப்பு ஓடுதே, தண்ணியும் ஓடுதே," என்றார் ரசமட்டம், குழாயில் காதை வைத்துக்கொண்டு. "அப்ப வயருதான் தங்கச்சி. எங்கயோ விட்டுட்ட."

அவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேனலைத் திறந்து, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வயராகக் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டினாள். நான் என் பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் அவள் நெற்றி சுருங்குவதையும், உதட்டைக் கடிப்பதையும், அந்த அழகான வரிசை கலைந்து வயர்கள் நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தபோது, எனக்கு இதமாக இருந்தது. குளிரில் சூடான கிளாசைக் கையில் பிடித்திருப்பது மாதிரி. இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கலாம் என்று தோன்றியது. சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீங்க சொல்லுங்க, எங்க விட்டிருப்பேன்?" என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் கேட்கிறாள். நான் பெரிய மனிதன் மாதிரி, "பதட்டப்படாத, நிதானமாப் பாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேறு விதமாகப் பார்த்தாள். இரண்டு சுவிட்சுகளின் வயர்களையும் பேனலில் இடம் மாற்றி மாட்டினாள். முதல் பாய்லரின் சுவிட்ச் இரண்டாவதற்கு, இரண்டாவதின் சுவிட்ச் முதலாவதற்கு. பம்ப்புகளை ஓட்டினாள். சிவப்பு இப்போது முதல் பாய்லருக்கு வந்தது. வயர்களைப் பழையபடி மாட்டினாள்.

"அண்ணா, பேனல்ல ஒண்ணும் இல்ல. வயர்லயும் இல்ல. அந்தச் சுவிட்சுதான் பேச மாட்டேங்குது."

எவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டாள்! என் தப்புக்கு ஓர் அடி தூரத்தில் வந்து நின்றுவிட்டாள். பயத்தோடு பயமாக, அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

ரசமட்டம் தலையைச் சொறிந்தார். "புதுச் சுவிட்சு எப்படிக் கெடும்? நீ மொதல் நாள் கரண்டு மாத்திக் குடுத்திருப்ப. எரிஞ்சிருக்கும்."

"இல்லண்ணா, நான் பாத்துதான்…"

"சரி விடு. இப்போதைக்கு அந்த ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி விடு. தண்ணி ஓடுதுன்னு பேனல் நம்பிக்கும். பாய்லர் எரியட்டும். திங்கக்கெழம புள்ளைங்க வருதுங்க, ஒத்த பாய்லரு மூணு மாடிக்குப் பத்தாது. சுவிட்சு மெதுவா வரட்டும்."

"முடியாதுண்ணா."

ரசமட்டத்திடம் முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"பம்ப்பு நின்னு போனா அது எரிஞ்சுகிட்டே இருக்கும். மேல புள்ளைங்க இருக்கும். நான் முறுக்க மாட்டேன்," என்றாள்.

"அப்ப நான் எழுதறதத்தான் எழுதணும்," என்றார் அவர். கோபமாக இல்லை. அளவு சொல்கிற மாதிரி சொன்னார். "பொருள எரிச்சுட்டாங்க, பாய்லர் ஓடலன்னு. மாப்ள, நீங்க நாளைக்குக் காலைல அந்தச் சுவிட்சக் கழட்டி வைங்க. எட்டு மணிக்கு வந்து நான் பாத்துட்டு, ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்ததும் அவள் உடை மாற்றாமல் சமையலறையில் போய் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கத்தி பலகையில் தட்டும் சத்தம் நின்று நின்று வந்தது. நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன்.

"சலவைக் கம்பெனில இன்னும் ஆள் எடுக்கறாங்களாம். மெசேஜ் வந்துச்சு," என்றாள் திரும்பாமல். பிறகு, "மொதல் நாளு மாட்டும்போது கைல ரெண்டு வயரு இருந்துச்சு. சரியாத்தான் மாட்டினேன். ஆனா இப்ப யோசிச்சா சந்தேகமா இருக்கு. எந்த வயரு எந்தக் கைலன்னு நெனப்பு வரல. நான்தான் எரிச்சுட்டேனோ?"

கத்தியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று ஒரே ஒரு சொல். அதற்காகத்தான் பார்த்தாள்.

"இருக்கலாம்," என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்தது. அவள் தலையை ஆட்டினாள், ஏற்கெனவே தெரிந்த ஒன்றை நான் உறுதிப்படுத்திய மாதிரி. பிறகு மறுபடி கத்தியை எடுத்தாள். ஆனால் நறுக்கவில்லை. வெங்காயத்தின் தோலை மட்டும் ஒவ்வொன்றாக உரித்து, உரித்து, வெறும் குருத்து வரை உரித்துக்கொண்டே போனாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது. பார்க்காமல் இருந்துகொள்ள எனக்கும் அது வசதியாக இருந்தது.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. விடிந்ததும் தனியாகப் போய்விட வேண்டும். கம்பளியை வெட்டி, சுவிட்சைக் கழற்றி, சணலை மெலிதாகச் சுற்றி, அம்பைச் சரியான பக்கம் திருப்பி மாட்டிவிட வேண்டும். எட்டு மணிக்கு ரசமட்டம் வரும்போது இரண்டு பாய்லரும் எரியும். "சும்மா கழட்டி மாட்டினேன், உள்ள என்னமோ சிக்கியிருந்துச்சு" என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் வேலை நிற்கும். காப்பாற்றியது நான் என்றும் ஆகும். மறுபடி தம்பி என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார். இந்தக் கடைசி நினைப்பு எனக்கே அசிங்கமாக இருந்தது, இருந்தாலும் அதை நான் விடவில்லை.

ஆறு மணிக்கு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வந்தேன். அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பையுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வயர யாரு கழட்டுவா?" என்றாள்.

இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, படியிறங்கி, விளக்கைப் போட்டோம். முதல் பாய்லர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டு பக்க வால்வையும் மூடி, வடிகால் குழாயைத் திறந்து வாளியில் வடித்துவிட்டு மூடினேன். அவள் சோப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு வயரையும் கழற்றி, நுனிகளுக்கு டேப் சுற்றினாள்.

"நீ மேல போய் ஹீட்டர் எல்லாம் சூடாகுதான்னு ஒரு தடவ பாத்துட்டு வாயேன்," என்றேன்.

"அப்புறம் பாத்துக்கலாம்."

"பேனல்ல ரெண்டாவத ஆஃப் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு. நீங்க வேலையப் பாருங்க."

பையைத் திறந்து சாமான்களைத் தரையில் பரப்பினேன். ரெஞ்ச், கத்தி, கம்பி பிரஷ். பழக்கத்தில் கை தானாக எடுத்து வைத்துக்கொண்டே போனது. சணல் கொத்து, பேஸ்ட் டப்பா. வைத்த பிறகுதான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"கழட்டத்தான சொன்னாரு," என்றாள். "சணல் எதுக்கு?"

நான் கத்தியை எடுத்தேன்.

"புதுச் சுவிட்சும் இல்ல. எத மாட்டப் போறீங்க?"

கேள்வி இல்லை அது. அவள் கேள்வி கேட்கும்போது குரல் மேலே போகும். இது தரையில் இருந்தது. வெள்ளித் தகட்டில் கத்தியை வைத்துக் கீறினேன். கம்பளி பிரிந்து உள்ளிருந்த மஞ்சள் தும்பு வெளியே வந்தது. பஞ்சண்ணன் சுத்தமாகச் சுற்றியிருந்தார், பிய்க்கப் பிய்க்க வந்தது. கழுத்து தெரிந்ததும் அவள் குனிந்தாள். சட்டை நுனியால் பித்தளையைத் துடைத்தாள். அம்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். அதே விரலால் குழாயின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டு பாய்லர் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கு நான் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"மாட்டும்போதே."

"நேத்து சாயங்காலம்? நான் கேட்டப்ப?"

"தெரியும்."

அவள் எதையாவது என் மேல் எறிவாள் என்று நினைத்தேன். சத்தம் போட்டிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் தலையைப் பற்றி அவர் கேலி செய்தபோது நீ சிரித்தாயே என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு சின்னக் காரணத்தை வெளியே எடுத்துக் காட்ட அவள் எனக்கு இடமே கொடுக்கவில்லை.

"கழட்டுங்க," என்றாள்.

ரெஞ்சைப் போட்டேன். முதல் இழுப்பு கடினமாக இருந்தது, பிறகு சணல் கிழியும் மெல்லிய சத்தத்தோடு சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. நாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, இணைப்பு சேர்ந்தால் கத்தும் தன் மீட்டரின் இரண்டு முள்ளையும் உள்ளே இருந்த இரண்டு திருகிலும் செருகினாள். விரலால் நாக்கை ஒரு பக்கம் தள்ளினாள். ஒன்றும் இல்லை. மறுபக்கம் தள்ளினாள். மீட்டர் கீச்சென்று கத்தியது. விட்டாள், நின்றது. தள்ளினாள், கத்தியது. விட்டாள். தள்ளினாள். ஐந்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எரியல," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. "நான் எரிக்கல."

மேலே கதவு திறந்து மூடியது. படியில் கனமான பூட்ஸ் சத்தம். ரசமட்டம் எட்டு மணி என்றால் ஏழரைக்கே வருகிறவர். கடைசிப் படியில் நின்று, பிய்ந்து கிடந்த கம்பளியையும், வாளியையும், தரையில் உட்கார்ந்திருந்த அவளையும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி? எரிஞ்சுதான் போயிருக்கா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கைத் தள்ளி, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். மீட்டர் நிற்காமல் கத்த ஆரம்பித்தது.

"அவரு சொல்வாருண்ணா," என்றாள்.

ரசமட்டம் என்னைப் பார்த்தார். நான் மூடிய வால்வு முழுவதும் மூடவில்லை போலிருக்கிறது. டீயின் திறந்த வாய்க்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டு, மேலே கொஞ்சம் உப்பி, வழியாமல், விளக்கு வெளிச்சத்தை ஏந்தியபடி நடுங்கிக்கொண்டு நின்றது.